உறி கட்ட வந்தவர்

சவுரிபாளையம், கோவை
9.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ப்ரியா எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? மருந்து தீர்ந்திருந்தால் அண்ணன் ஈரோட்டுக்குப் போகும்போது வாங்கிவரச் சொல்லுங்கள். போனில் பேச முடிந்தால் தினமும் நானே கேட்பேன். முப்பது வருடத் தறிச் சத்தத்தில் உங்கள் காது போன பிறகு நமக்குத் தபால்தான் கதி. சாமுவேல் அண்ணனிடம் சொல்லியனுப்பினால், பத்துச் சொன்னதில் இரண்டைத்தான் உங்களிடம் சேர்க்கிறார்.

இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. நாங்கள் மாடியில் இருக்கிறோம். கீழே வீட்டுக்காரம்மா. பெயர் வெங்கடலட்சுமி. மகன்கள் இருவரும் வெளிநாட்டில். எங்கள் வாசலில் ஒரு சின்ன சிட்-அவுட் இருக்கிறது. இரண்டு நாற்காலி போட்டால் கதவு திறக்காது. மொட்டை மாடிக்கு நாங்கள் போகக் கூடாது. தரையில் தொட்டி வைத்தால் டைல்ஸில் கறை பிடிக்கும் என்று வீட்டுக்காரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் எல்லாவற்றையும் மேலே கம்பியில் தொங்கவிட்டுவிட்டேன். பெயின்ட் வாளியில் தக்காளி, ஐஸ்கிரீம் டப்பாவில் வெந்தயமும் மல்லியும், தண்ணீர்க் கேனைப் பாதியாக அறுத்துப் புதினா. காலை வெயில் பதினொரு மணிவரை விழுகிறது. அது போதுமாக இருக்கிறது. புதினா இரண்டு முறை கிள்ளியாகிவிட்டது.

நைலான் கயிறுதான் வெயிலில் இற்றுப்போகிறது. போன வாரம் மிளகாய் வாளி அறுந்து, கீழே நின்ற வீட்டுக்காரம்மாவின் கார்மேல் விழுந்தது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று முழுக்க மற்ற வாளிகளின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓவியா யு.கே.ஜி. போகிறாள். பள்ளி இரண்டு தெரு தள்ளி. அவள் அப்பாவுக்குப் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை நிரந்தரமாகிவிட்டது.

நீங்கள் வருவதாகச் சொன்னீர்களாம். கொஞ்சம் பொறுங்கள். வீடு ஒழுங்காகட்டும். நானே எழுதுகிறேன்.

உங்கள் மகள்,
சண்முகப்ரியா

*

கொடுமுடி
20.6.2024

என் கண்ணு ப்ரியாவுக்கு அப்பா எழுதுவது.

எனக்கு இருமல் காலையில் மட்டும்தான். நான்கு பேரோடு பேசினால்தானே தொண்டை வலிக்கும். எனக்கு அந்தச் சிரமம் இல்லை.

நைலான் கயிறு வெயிலுக்கு ஆகாது. பட்டறையில் பாலியெஸ்டர் கழிவு நூல் குப்பையாகக் கிடக்கிறது. மூன்று பிரியாக முறுக்கி உறி பின்னினால் இருபது கிலோ தாங்கும். மழைக்கும் அசையாது. உன் வாளி வாய் எத்தனை அங்குலம், கம்பி எவ்வளவு உயரம், எழுது. எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நீட்டிக் குறைக்கிற மாதிரி முடிச்சுப் போட்டுத் தருகிறேன்.

எனக்குச் செடி கொடி ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு வயதில் தறிக்குள் போனவன். ஆனால் காங்கேயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர் தேங்காய்ப் புண்ணாக்கு தருவதாகச் சொன்னார். ஊறவைத்துத் தெளிந்த தண்ணீரை ஊற்றினால் நன்றாகக் காய்க்குமாம்.

ஓவியாவைப் பார்த்துப் பதினோரு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை திருமூர்த்தி அனுப்பிய போட்டோவில் பல் விழுந்திருக்கிறது. ஆடிப் பதினெட்டு முடிந்ததும் வரலாமென்று இருக்கிறேன். காலையில் வந்து சாயங்காலம் போய்விடுவேன். உங்களுக்கு இடைஞ்சல் இருக்காது.

அப்பா,
சின்னான்

*

சவுரிபாளையம்
14.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உடம்பு தேவலாம் என்று அறிந்து நிம்மதி. இங்கே ஓவியாவுக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்தது. இப்போது சரியாகிவிட்டது.

ஆடியில் வர வேண்டாம் அப்பா. அவருக்குக் கம்பெனியில் ஆடிட் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் போகிறார். உறிகளைக் காங்கேயம் பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிடுங்கள். கண்டக்டர் நம்பரை அண்ணனிடம் கொடுத்தால் இவர் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்வார். புண்ணாக்கையும் அதிலேயே வைத்துவிடுங்கள்.

தக்காளி இருபத்திரண்டு காய் பிடித்திருக்கிறது. தொட்டி தொங்குவதால் கொடி கீழே சரிந்து, காயெல்லாம் ஓவியாவின் கண்ணுக்கு நேராக வருகிறது. பழுக்கவிடாமல் பறிக்கிறாள். போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்புகிறேன், அதில் பாருங்கள்.

வீட்டுக்காரம்மாவுக்குக் கும்பல் கூடினால் பிடிக்காது. அவ்வளவுதான். வேறொன்றும் நினைக்காதீர்கள்.

ப்ரியா

*

சவுரிபாளையம்
11.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக அண்ணன் சொன்னார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா?

நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால்தான் முகம் அப்படி இருந்தது. மத்தியானமே கிளம்பச் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் சிங்காநல்லூரில் கூட்டம் தாங்காது. கறி எடுக்க முடியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நீங்கள் கட்டிய ஆறு உறியும் பார்க்கவே அழகாக இருக்கிறது. வாளி ஆடுவதில்லை. அன்று நீங்கள் ஸ்டூலில் ஏறி மாட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா மேலே வந்தாரல்லவா, அவர் அசந்துவிட்டார். இப்போது கீழே அவருடைய போர்டிகோவுக்கு இருபது உறி வேண்டுமாம். தொட்டி, மண், நாற்று எல்லாம் அவரே வாங்கிவிடுவார். ‘அந்த ஆளையே வந்து கட்டித் தரச் சொல்லுங்க அம்மணி’ என்று தினமும் கேட்கிறார். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

முடிந்தால் ஒரு ஞாயிறு வாருங்கள். வந்தால் நேராகக் கீழேயே போய்விடுங்கள். மேலே வந்துவிட்டுப் போக வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் நான் இறங்கி வந்து பார்க்கிறேன்.

குளிர்ந்த தண்ணீர் குடிக்காதீர்கள்.

ப்ரியா

*

கொடுமுடி
22.8.2024

கண்ணு ப்ரியாவுக்கு,

பஸ்ஸில் இடம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இருந்தேன். நீ மறுபடி வரச் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன்.

தறி ஓடும் இடத்தில் யாரும் காதால் பேசுவதில்லை. எதிரில் நிற்பவன் வாயைப் பார்த்துத்தான் முப்பது வருடம் பேசினோம். அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் அன்று எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய் போலிருக்கிறது. நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மா என் பக்கம் பார்த்து நின்றார். ‘ஓ, உங்க தோட்டத்து ஆளுங்களா? அதான பாத்தேன். பேரென்ன, சின்னானா?’ என்றார். ஸ்டூல் மேலிருந்து நன்றாகத் தெரிந்தது.

நமக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாதே கண்ணு. எந்தத் தோட்டத்துக்கு நான் ஆள் என்று யோசித்துக்கொண்டே காங்கேயம்வரை வந்தேன். அங்கே பஸ் மாறியதும் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

உறி பின்ன எனக்குக் கஷ்டமில்லை. வருகிறேன். ஆனால் நான் யாராக வர வேண்டும்? அதை மட்டும் தெளிவாக எழுது. அன்று மாதிரி பாதியில் தெரிந்துகொண்டால், கையில் இருப்பது நழுவிவிடுகிறது.

ஓவியாவின் காய்ச்சலுக்குப் பிறகு வாய்க்கசப்பு போயிற்றா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா

*

சவுரிபாளையம்
15.9.2024

அப்பாவுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

இந்த வீட்டுக்கு முன்னால் ஏழு வீடு பார்த்தோம். எல்லாம் பிடித்து, பால்காரர் யார், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதுவரை பேசிவிட்டு, கடைசியில் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள். மறுநாள் போன் வரும். ‘சொந்தக்காரங்க வாராங்களாமுங்க, ஊடு இல்லீங்க.’ ஏழு வீட்டுக்கும் எங்கிருந்துதான் அத்தனை சொந்தக்காரர்கள் வந்தார்களோ. எட்டாவது வீட்டில் இவர் முந்திக்கொண்டு வேறு ஒன்றைச் சொல்லிவிட்டார். ஊரில் ஐந்து ஏக்கர் தோட்டம் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். வீட்டுக்காரம்மா அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டார்.

அன்று ‘இது ஆருங்க?’ என்று அவர் கேட்டபோது, நான் யோசித்துச் சொல்லவில்லை அப்பா. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு திரும்பி உங்களைப் பார்க்கவும் துணிவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். தோட்டத்து ஆளாகவே வாருங்கள். அவர் விடுகிற மாதிரி இல்லை. வேண்டாம் என்று நான் மறுத்தால் துருவுவார். ஓவியா பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது. இந்த வருடம் முடியட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த கோடு போட்ட சட்டை வேண்டாம். திருமூர்த்தி அதே துணியில் ஒன்று போடுகிறார். பழையது ஏதாவது போட்டுக்கொண்டு வாருங்கள். ஓவியா உங்களைத் தாத்தா என்று கூப்பிட மாட்டாள். போன முறை அவள் பள்ளித் தோழி வீட்டில் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஒரு வருடமாகப் பார்க்காததால் முகம் மறந்திருக்கிறாள். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

கோபம் இருந்தால் என்மேல் வையுங்கள். உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ப்ரியா

*

கொடுமுடி
13.10.2024

கண்ணு ப்ரியாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். மூன்று ஞாயிறும் வந்ததில் முட்டி கொஞ்சம் வீங்கியது. இப்போது வற்றிவிட்டது.

நீ மாடியிலிருந்து பார்த்ததை நானும் பார்த்தேன். இருபது உறியும் கட்டியாகிவிட்டது. அந்த அம்மா நாற்றைப் பெரிய கடையில் வாங்கியிருக்கிறார். பசலை, கத்தரி, பெயர் தெரியாத கீரைகள். எனக்கு மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். காபி காகிதக் கப்பில் வந்தது. நல்ல காபி. கப்பை நானே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. ‘சொல்லாமயே தெரிஞ்சு வெச்சிருக்கறான்’ என்று போனில் யாரிடமோ சொன்னார்.

ஓவியா இரண்டாவது ஞாயிறு கீழே இறங்கி வந்தது. பக்கத்தில் நின்று பார்த்தது. ‘சின்னான், இந்த வாளிக்கு என்ன செடி?’ என்று கேட்டது. அதைக் குறை சொல்ல முடியாது. அந்த அம்மா கூப்பிடுவதைப் பார்த்துத்தானே கற்றுக்கொள்ளும். ‘கத்தரிங்க அம்மணி’ என்றேன். தன்னிடம் ‘ங்க’ போட்டுச் சொன்னதும் சிரிப்புத் தாங்கவில்லை. மறுபடி மறுபடி கேட்டு ஏழு வாளிக்கும் என்னைச் சொல்லவைத்தது. விழுந்த பல் முளைத்திருக்கிறது. கொஞ்சம் கோணல்.

செடிக்கு மாதம் இரண்டு தரம் புண்ணாக்குத் தண்ணீர் விட்டு, காய்ந்ததைக் கிள்ளி, உறியை இறக்கி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுப்போகும் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அந்தச் செடிகளுக்கு நான் தேவையே இல்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன். இல்லாவிட்டால் நான் எப்படி வருவது?

கோபம் இல்லை.

அப்பா

*

சவுரிபாளையம்
10.11.2024

அப்பாவுக்கு,

தீபாவளிக்குத் துணி அனுப்பினேன். கிடைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. முட்டி வீக்கம் எப்படி இருக்கிறது?

போன ஞாயிறு நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். எதற்காக என்று கேட்கவில்லை. கேட்காமலே போய்விட்டீர்கள். நானே எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் அடுத்த தடவை கவனமாக இருப்பீர்கள்.

ஓவியா ஓடிவந்து விழுந்தாள். முட்டியில் சிராய்ப்பு. நீங்கள் ஓடிப்போய்த் தூக்கினீர்கள். தோளில் போட்டுக்கொண்டு தட்டிக் கொடுத்தீர்கள். அவளும் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் படியில் நின்றேன். வீட்டுக்காரம்மா உங்களுக்குப் பின்னால் நின்றார். அதனால் அவர் சொன்னது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

‘ஏனுங்க அம்மணி, அவன் கொழந்தயத் தூக்கி வெச்சிருக்கறான், நீங்க பாத்துட்டு நிக்கறீங்க? மொதல்ல தண்ணி ஊத்திப்போட்டு மேல கூட்டீட்டுப் போங்க. நம்ம ஊட்டுக் கொழந்தைகள இப்பிடிப் பழக்கப்படாதுங்க.’

நம்ம வீட்டுக் குழந்தைகள் என்றார். என்னையும் சேர்த்துத்தான்.

நான் உங்கள் தோளிலிருந்து அவளைப் பிடுங்கிக் குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று சொம்பு ஊற்றினேன். ஒரு சொம்பே போதும். நான் மூன்று ஊற்றினேன். ஓவியா சிராய்ப்பு எரிகிறது என்று கத்தினாள். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே கட்டியிருந்த உறியை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

உங்களுக்குக் குழந்தைமேல் ஆசை இருக்கலாம். எனக்குத் தெரியாதா? ஆனால் தூக்கியது தப்பு. கட்டுப்படுத்திக்கொள்ள முடியாவிட்டால் வராமல் இருந்துவிடுங்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஓவியாவுக்குச் சளி பிடித்து இப்போது தேவலாம். மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ப்ரியா

*

கொடுமுடி
22.12.2024

ப்ரியாவுக்கு,

துணி கிடைத்தது. முட்டி பரவாயில்லை.

அந்த அம்மா போர்டிகோவின் வெளிவிட்டத்திலும் பத்து உறி கேட்டிருக்கிறார். பொங்கலுக்கு மகன்கள் வருகிறார்களாம். ஒத்துக்கொண்டேன். அதை முடித்துக் கொடுத்துவிட்டு நின்றுகொள்கிறேன். ஜனவரி முதல் ஞாயிறு வருவேன். அன்று குழந்தையை மேலேயே வைத்துக்கொள்.

அப்பா

*

சவுரிபாளையம்
19.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எலும்பு சேர எத்தனை வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்னார்? இடுப்பைத் திருப்ப முடிகிறதா? அண்ணனுக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். இதை உங்கள் கையில் கொடுக்கவாவது அவர் மனம் இறங்கட்டும்.

நீங்கள் விழுந்தபோது நான் மேலே இருந்தேன். ஓவியாதான் ஜன்னலில் பார்த்துவிட்டுக் கத்தினாள். ‘அம்மா, சின்னான் விழுந்துட்டான்.’ இறங்கி வந்தேன். ஏணி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். வலது கை உங்களுக்கு அடியில் மடங்கியிருந்தது. வீட்டுக்காரம்மா ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, ‘இவனுக்கு ஆரு இருக்காங்க?’ என்று என்னைக் கேட்டார். ‘கொடுமுடிப் பக்கம் மகன் ஒருத்தர் இருக்காருங்க’ என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

‘கூட ஆரு வாரீங்க?’ என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டார். நீங்கள் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு என் வாயையே பார்த்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டு டிரைவர் ஏறிக்கொண்டார். கதவைச் சாத்தினார்கள். திருமூர்த்தி சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தாரே, அவர் ஃபாரத்தில் ‘உறவு’ என்ற இடத்தில் ‘தெரிந்தவர்’ என்று எழுதியிருக்கிறார். வந்து என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அண்ணன் மறுநாள் காலையில் வரும்வரை நீங்கள் தனியாகத்தான் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. கீழே போய் வீட்டுக்காரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போனேன். வீட்டைக் காலி பண்ணச் சொன்னாலும் சரி என்றுதான் போனேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே, ‘அப்பனுக்கு எப்பிடி இருக்குதுங்க?’ என்றார்.

‘எந்த அப்பனுங்க?’ என்றேன்.

‘உங்கப்பந்தான். அதே மூக்கு, அதே நெத்தி. மொத நாளு ஸ்டூல் மேல நிக்கறப்பவே தெரிஞ்சுபோச்சு. நீங்களே ஆளுன்னு சொன்னீங்க. சரி, பெத்த மகளே சொல்லும்போது நா எதுக்கு மாத்திச் சொல்லோணும்? நல்லா வேல செஞ்சான்.’

‘அப்பறம் குழந்தைக்குத் தண்ணி ஊத்தச் சொன்னீங்களே’ என்றேன்.

‘சொன்னேன். ஊத்த மாட்டீங்கன்னு நெனச்சேன். ஊத்திப்போட்டீங்க’ என்றார். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

காலி பண்ணச் சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. ‘இருங்க. கொழந்த படிப்பு இருக்குது. ஆனா முப்பது தொட்டியும் காஞ்சு கெடக்குது பாருங்க, காலீல ஒரு நேரம் நீங்களே தண்ணி ஊத்திருங்க. இனி முன் கேட்டு வேண்டாம், பக்கத்துச் சந்து வழியா வந்துக்குங்க’ என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். ஒரு ‘ங்க’கூடக் குறையவில்லை.

அன்றிலிருந்து ஊற்றுகிறேன். அப்பா, சரி என்று சொல்லிவிட்டேன். மறுபடி எட்டு வீடு ஏறி இறங்க என்னிடம் தெம்பு இல்லை. காலை ஆறு மணிக்குச் சந்து வழியாக வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். காபி கொடுக்கிறார். மோட்டார் ரூம் பக்கம் வைத்துவிட்டுப் போகிறார். அது எந்தக் கப் என்று நீங்கள் கேட்க வேண்டாம்.

ஓவியாவிடம் சொல்லிவிட்டேன், நீங்கள் யார் என்று. நம்பவில்லை. ‘சின்னான் எப்படிம்மா தாத்தாவா இருப்பான்? தாத்தான்னா மேல வந்து சோபால உக்காருவாங்க இல்ல?’ என்று கேட்டாள். அடித்துவிட்டேன். அடித்தபின் அவளைவிட நான்தான் அதிக நேரம் அழுதேன்.

ஒரு ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு உங்களைப் பார்க்க வருகிறேன். காலில் விழ வேண்டும். எப்போது வரலாம் என்று அண்ணனை விட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
ப்ரியா

*

கொடுமுடி
16.2.2025

ப்ரியாவுக்கு,

அப்பாவுக்கு வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் அவர் சொல்லச் சொல்லச் சாமுவேல் எழுதுகிறேன். உன் பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து இப்போதுதான் படித்தேன். நான் சொல்ல வேண்டியதை இதில் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். எழுதவில்லை. கீழே உள்ளது முழுக்க அவர் சொன்னது.

கண்ணு,

கைக்கட்டை அடுத்த வாரம் பிரிக்கிறார்கள். இடுப்பு எலும்புக்குக் கம்பி வைத்தது கூடிவருகிறது. குச்சி ஊன்றிக் கழிப்பறைவரை போகிறேன். நீ நினைக்கிற அளவுக்கு வலி இல்லை.

அன்று நீ ஆம்புலன்ஸில் ஏறாததைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பெரிதாக்காதே. நீ நினைப்பதுபோல் நான் தனியாகவும் இல்லை. கூட வந்த டிரைவர் தங்கமான மனிதர். அண்ணன் வரும்வரை இருந்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். பெயர் சாஹில். பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

இங்கே எல்லோரும் பார்க்க வந்தார்கள். எப்படி விழுந்தீர்கள், யார் பார்த்தார்கள் என்று கேட்டார்கள். மகள் வீட்டில் செடிக்கு உறி கட்டும்போது விழுந்துவிட்டேன், மகள்தான் மடியில் தலையை வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் வந்தாள், மூன்று நாள் கஞ்சி வைத்து ஊட்டினாள், மாப்பிள்ளை ராத்திரியெல்லாம் கண் விழித்தார் என்று சொல்லியிருக்கிறேன். பேத்தி தாத்தா தாத்தா என்று அழுதது என்றும் சொன்னேன். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. நேற்று பக்கத்து வீட்டு வேலனின் சம்சாரம் இதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே அழுகை வந்தது.

நீ வருவதாக எழுதியிருக்கிறாய். வர வேண்டாம்.

நீ தெருவில் கால் வைத்ததும் நாலு பொம்பளைகள் வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பனை நல்லாப் பாத்துக்கிட்டீங்க அம்மணி என்பார்கள். நீ தலையைக் குனிவாய். குழந்தை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த ஊரில் நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேண்டும். எனக்கு ஒரு நல்ல மகள் இருக்கிறாள் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். நீ வந்து அதைக் கெடுக்காதே.

எப்போது வரலாம் என்று இனிமேல் கேட்டு எழுதவும் வேண்டாம். நான் போய்ச் சேர்ந்ததும் சாமுவேல் தகவல் சொல்வான். அவன் மறுத்தாலும் சொல்ல வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அப்போது வா. குழந்தையையும் கூட்டி வா. மகள் வந்துவிட்டாள் என்று எல்லோரும் விலகி வழி விடுவார்கள். யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

மாப்பிள்ளையைச் சாப்பிடச் சொல். நீயும் வாளியைத் தூக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள்.

அப்பா,
சின்னான்